செத்தவர் இடத்தில் என் பெயர்

புதன்கிழமை, விடிந்து கொஞ்ச நேரம்

அன்பும் அறிவும் அக்ராவில் கண்ணாடிச் சுவர் வைத்த ஆபீசும் உடைய என் மருமகன் கோஜோ ட்வுமாசிக்கு, உன் தாய்மாமன் குவாபெனா அடுசெய் ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது.

இவ்விடம் நான் நலம் என்று தொடங்குவதுதான் முறை. தபால் ஆபீசிலேயே தலை நரைத்தவன், எழுதத் தெரியாத இந்த ஊருக்கெல்லாம் கடிதம் எழுதிக்கொடுத்தவன், எனக்கா முறை தெரியாது? ஆனால் நான் நலம் என்பதை இப்போது என்னை நேரில் பார்த்தவர்கள் மட்டுமே நம்புகிறார்கள். அவர்களிலும் சிலர் நம்பியும் நம்பாமலும்தான் இருக்கிறார்கள். என் மனைவியே காலையில் கஞ்சி கொடுக்கும்போது கையைத் தொட்டுச் சூடு பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறாள். ஆகவே என் நலத்தைப் பிறகு பேசுவோம். நீயும் உன் மனைவியும் கைக்குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதாக உன் அம்மா சொன்னாள். சந்தோஷம். இந்த வீட்டில் சந்தோஷப்படுவதற்கு இப்போதைக்கு அந்தப் பல் ஒன்றுதான் இருக்கிறது.

போனை விட்டுவிட்டு ஏன் கடிதம் என்று கேட்பாய். என் போனிலிருந்து யாரை அழைத்தாலும் எதிர்ப்பக்கம் அலறல்தான் கேட்கிறது. குமாசியில் இருக்கிற நம் சர்ச் பாடகர் குழுத் தலைவரை அழைத்து, "நான் அடுசெய் பேசுறேன்" என்றேன். அவர் கர்த்தரின் பெயரைச் சொல்லிச் சொல்லி என்னைத் துரத்திவிட்டு, என் எண்ணையே தடுத்துவிட்டார். சரி, உன் அம்மாவை விட்டுப் பேசச் சொன்னால், "பாவம் ஆஃபியா, துக்கத்துல புத்தி பேதலிச்சுப்போச்சு, அண்ணன் உயிரோட இருக்காருங்கிறா" என்று அவளுக்கு ஆறுதல் சொல்கிறார்கள். நீ ஒருவன்தான் எடுத்துப் பேசினாய். நேற்றிலிருந்து நீயும் எடுப்பதில்லை. ஒன்று உனக்கு வேலை மும்முரம், இல்லையென்றால் இங்கே கரண்ட் போய் என் போன் செத்துக் கிடக்கும் நேரமாகப் பார்த்து அழைக்கிறாய். அதனால் இதை அக்ரா போகிற வேன் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். சாயங்காலத்துக்குள் உன் கையில் இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் பெரிய மாமா யாவ் பதூ போன மாதம் குமாசியில் மகள் வீட்டில் கண்ணை மூடினார். குடும்பம் கூடி நாள் குறிக்கும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது என்பது நம் வழக்கம். அதனால் ஊருக்குச் சொல்லவில்லை. உடம்பு குமாசியில் பிண அறைக் குளிரில் கிடக்கிறது. வருகிற சனிக்கிழமை இங்கே அடக்கம் என்று முடிவானது. இது வரைக்கும் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதை எழுதினால்தான் என் வயிற்றெரிச்சல் உனக்குப் புரியும்.

அண்ணன் டவுன் கவுன்சிலில் சுகாதார இன்ஸ்பெக்டராக இருந்தவர். காக்கி அரைக்கால் சட்டையும் டார்ச் லைட்டுமாக வீடு வீடாகப் புகுந்து தண்ணீர்ப் பானையில் கொசுப்புழு தேடியவர். புழு இருந்தால் சம்மன். சாக்கடை அடைத்தால் சம்மன். ஆடு ரோட்டில் நின்றால் ஆட்டுக்காரனுக்குச் சம்மன். ஊர்த் தலைவர் அரண்மனைப் பானையிலேயே டார்ச் அடித்துப் பார்த்தவர். சொந்தத் தங்கை பிள்ளை பெற்றுப் படுத்திருக்கும்போது அவள் கட்டிலுக்கடியில் இருந்த குடத்துக்குச் சம்மன் வைத்தார். அந்தப் பிள்ளை நீதான். சின்னப் பிள்ளைகள்கூட அவரைச் சம்மன் பதூ என்றுதான் கூப்பிட்டார்கள். அண்ணன் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது தம்பி என்னைக் குடும்பத் தலைவராக ஆக்கினதும் அதனால்தான். சுற்றுப்பட்டு ஊரெல்லாம் காலராவில் கொத்துக் கொத்தாகப் போனபோது நம் ஊரில் ஒரு பிள்ளைகூடப் போகவில்லை. அதை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? சம்மனைத்தான் வைத்திருக்கிறார்கள். நான் வீடு வீடாக மணியார்டர் கொண்டு போனேன், அவர் சம்மன் கொண்டு போனார். எனக்கு ஊரில் நல்ல பெயர் வந்ததற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது.

கடைசியாக நான் அவரைப் பார்க்கப் போனபோது எலும்பும் தோலுமாகக் கிடந்தார். மகள் அந்தப் பக்கம் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டேய் குவாபெனா, எனக்கு யாருடா வருவா?"

"என்னண்ணே பேச்சு இது. ஊரே வரும்."

"நாற்காலி காலியா கெடக்கக் கூடாதுடா. நான் யார் வீட்டுச் சாவுக்கும் போகாம இருந்ததில்ல. போன எடத்துல தண்ணித் தொட்டியைத் தெறந்து பார்த்தேன், அது வேற."

"பந்தல் நெறைஞ்சிடும்ணே. அதுக்கு நான் பொறுப்பு."

ஒரு காலி நாற்காலி கிடந்தாலும் நம் ஆட்கள் அதைப் பத்து வருஷம் பேசுவார்கள் என்பது உனக்குத் தெரியாததா? என் வார்த்தையை நம்பித்தான் அவர் கண்ணை மூடினார். இப்போது சொல்லு, அந்த மனிதனுக்கு நீயும் உன் கம்ப்யூட்டரும் செய்திருக்கிற காரியம் என்ன?

ஊர் நலச் சங்கத்துக்கு நீ ஒரு ப்ரோகிராம் எழுதிக்கொடுத்தாய். யாராவது செத்தால் சங்கத்துச் செயலாளர் பெயர்களைப் போட்டு ஒரு பட்டனைத் தட்டுவார். உள்ளூர், குமாசி, அக்ரா, அங்கே ஹாம்பர்க்வரைக்கும் சிதறிக் கிடக்கிற நம் ஊர்க்காரர் எல்லோருடைய போனுக்கும் செய்தி போகும். நல்ல காரியம்தான், நானே பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். ஈஸ்டருக்கு வந்தபோது அதைத் திறந்து காட்டினாய். முதலில் செத்தவர் பெயரைக் கேட்டது, அதற்குக் கீழேதான் குடும்பத் தலைவர் பெயரைக் கேட்டது. எனக்குச் சுருக்கென்றது. செத்துவிட்டான் என்பதற்காக ஒருவன் குடும்பத் தலைவருக்கு முன்னால் போய் நிற்க முடியுமா, எந்த மேடையில், எந்தச் சுவரொட்டியில் அப்படிப் போடுகிறார்கள், தலைவர் பெயரை முதலில் வை என்றேன். நீயும் சரி மாமா என்றாய். நான் சொன்னது உண்மைதான், மறுக்கவில்லை. நான் கேட்டது மரியாதை. அதற்காக ஆளைக் கொல்லச் சொன்னேனா?

நீ மாற்றியபிறகு ஊரில் விழுந்த முதல் சாவு நம் வீட்டுச் சாவுதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேரே சங்கத்துக்குப் போனேன். செயலாளர் என் எதிரில்தான் தட்டினார். குடும்பத் தலைவர், குவாபெனா அடுசெய். இறந்தவர், யாவ் பதூ. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். அதற்கப்புறம்தான் பட்டனைத் தட்டினார். திங்கட்கிழமை விடியும்போது ஊர் உலகமெல்லாம் போய்ச் சேர்ந்திருந்த செய்தி இது: "பெரியவர் குவாபெனா அடுசெய் காலமானார். வரும் சனிக்கிழமை நல்லடக்கம். அனைவரும் வருக. இப்படிக்கு, குடும்பத் தலைவர் யாவ் பதூ." ஐஸில் கிடக்கிற என் அண்ணன், முற்றத்தில் பல் தேய்த்துக்கொண்டிருந்த என்னுடைய சாவுக்கு ஊரையே அழைத்துவிட்டார்.

பல் தேய்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாசலில் ஒரு ஓலம். சோளமாவுக் கென்கே உருண்டை விற்கிற மன்சா கூடையைத் தெருவிலேயே இறக்கிவிட்டு, இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு, "அடுசெய் அய்யா, எங்களை விட்டுட்டுப் போயிட்டீங்களே, இனி ஜெர்மனியிலருந்து எம்பிள்ள போடுற கடுதாசியை யாரு படிச்சுச் சொல்லுவா" என்று அழுதுகொண்டே வருகிறாள். அவளுக்குப் பின்னால் கறுப்பும் சிவப்புமாகத் துக்கத் துணி கட்டிக்கொண்டு ஒரு தெருவே வருகிறது. பேரன் பேத்தி எடுத்த ஆண்பிள்ளைகள் தேம்புகிறார்கள். நான் வாய் நிறைய நுரையோடு எழுந்து நின்றேன். அத்தனை பேர் எதிரில் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

"அய்யோ! எந்திரிச்சு நிக்கிறாரே!" என்று மன்சா பின்வாங்கினாள்.

விழுங்கிவிட்டு, "நான் சாகல மன்சா" என்றேன்.

"அப்புறம் யாரு செத்தது?"

"எங்க அண்ணன்."

"எந்த அண்ணன்?"

"எனக்கு இருந்ததே ஒரு அண்ணன்தானே. யாவ் பதூ."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சம்மனா?"

"ஆமா."

"ஓ. அவரா." இடுப்புத் துணியை இழுத்துச் செருகிக்கொண்டாள். "சரி, கடவுள் கொடுத்தாரு, கடவுள் எடுத்துக்கிட்டாரு. கென்கே ஆறுது, நான் வர்றேன்."

"சனிக்கிழமை அடக்கம். வந்துடு."

"சனிக்கிழமையா? சந்தை நாளாச்சே அய்யா, பார்க்கலாம். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இன்னிக்கு அழுத அழுகை பூரா உங்களுக்குன்னு அழுதது. நாளைக்கு நீங்க நெசமாவே செத்தாலும் எங்கிட்டக் கண்ணீர் கெடையாது. ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான்."

போய்விட்டாள். அவள் மட்டுமா? கூட்டம் மொத்தமும் கரைந்தது. ஒருவருக்கு மருந்து வேளை, ஒருவருக்கு அடுப்பில் சூப். தெருமுனையில் இன்னும் வந்துகொண்டிருந்தவர்களைப் பாதி வழியில் நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். "அடுசெய் இல்லப்பா, சம்மன்தான்" என்று ஒரு குரல் சொன்னது. இன்னொரு குரல் சிரித்தது. கோஜோ, நான் உயிரோடு இருப்பதைப் பார்த்து அவர்களுக்கு உண்மையாகவே சந்தோஷம், அதில் சந்தேகமில்லை. ஆனால் என் அண்ணன் செத்தது அவர்களுக்குச் செய்தியாகக்கூட இல்லை. எனக்காகப் போட்ட ஓலத்தில் கால் பங்கு, வேண்டாம், ஒரு பெருமூச்சு அவருக்காக விட்டிருக்கலாம். நான் பல் தேய்த்த இடத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி வந்து கையைத் தொட்டுச் சூடு பார்த்தாள்.

பிறகு பந்தல் வாடகைக்கு விடுகிற போன்சு வந்தான். நேராக உள்ளே வராமல் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் வந்தான். "மாமா, உங்களுக்குன்னு நெனைச்சு இருக்கிற பந்தலை எல்லாம் ஒதுக்கி வெச்சிட்டேன். பெரியவருக்குன்னா..." என்று இழுத்தான். எத்தனை போடலாம் என்று கேட்டேன். "ஒண்ணு போதும். அதுகூட வெயிலுக்காக." அவனையும் குறை சொல்ல முடியாது. அவன் அப்பா கடைக்கு முன்னால் தேங்கிய தண்ணீருக்காக அண்ணன் சம்மன் வைத்திருக்கிறார்.

அன்று மத்தியானம்தான் உன்னோடு பேசினேன். நீ சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் எழுதுகிறேன், தவறாகப் புரிந்துகொண்டேன் என்று நாளைக்குச் சொல்லாதே.

"மாமா, கோவப்படாம கேளுங்க. டேட்டாபேஸுக்கு நாம ஒரு உத்தரவு எழுதிக் கொடுக்கணும். அதுல ஆள் பேர் வர்ற எடத்துல எல்லாம் வெறும் கேள்விக்குறி போட்டிருந்தேன். மொதக் கேள்விக்குறி செத்தவருக்கு, ரெண்டாவது குடும்பத் தலைவருக்கு. நாம குடுக்குற பேரு வரிசையாப் போய் அதுல உட்காரும். நீங்க தலைவர் பேரை மொதல்ல கேக்கணும்னு சொன்னீங்கல்ல? மேல தெரியிற பக்கத்துல மாத்திட்டேன். உள்ள இருக்கிற கேள்விக்குறியை மாத்த மறந்துட்டேன். மொதல்ல வந்தவரு மொத எடத்துல போய் உட்கார்ந்துட்டாரு."

"யாருடா மொதல்ல வந்தது?"

"நீங்கதான் மாமா."

"அது யாரு வர்றான்னு பார்க்காதா?"

"பார்க்காது மாமா. கேள்விக்குறிக்கு யாரு எவருன்னு தெரியாது. பேரு வெச்சு எழுதியிருந்தா இப்படி ஆகியிருக்காது. ரெண்டு புள்ளி வெச்சு ‘இறந்தவர்’னு ஒரு எடம், ரெண்டு புள்ளி வெச்சு ‘தலைவர்’னு ஒரு எடம். அப்புறம் முன்னப்பின்ன எப்படிக் குடுத்தாலும் அதது பேரைப் பார்த்து அதது எடத்துக்குப் போயிடும்."

"இவ்வளவு தெரியுதுல்ல, அப்புறம் ஏன்டா எழுதல?"

"கேள்விக்குறின்னா ஒரு எழுத்துதானே மாமா. சீக்கிரம் முடிஞ்சிடும்."

சீக்கிரம் முடிந்தது நான்தான். இதை வெளியில் சொல்ல முடியுமா? நம் முறைப்படி என் வீடும் கோகோத் தோட்டமும் நான் பெற்ற பிள்ளைகளுக்கு இல்லை, தங்கை மகன் உனக்குத்தான் என்று ஊருக்கே தெரியும். வாரிசு எழுதிய ப்ரோகிராம் மாமனைக் கொன்றுவிட்டது என்றால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? உன் அம்மாவே, "அவனுக்கு அவ்வளவு அவசரம் இருக்காதுண்ணே" என்று எனக்குச் சமாதானம் சொன்னாள். நான் கேட்காதபோது அவள் ஏன் அதைச் சொல்ல வேண்டும் என்று ராத்திரியெல்லாம் யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

நானும் வரிசையை நம்புகிறவன்தான். சாவு வீட்டுக்குப் போனால் வலது ஓரத்தில் ஆரம்பித்து இடது ஓரம்வரை குடும்பத்தார் அத்தனை பேருக்கும் கை கொடுக்கிறோம். யார் பெயரும் கேட்பதில்லை, இடத்தைப் பார்த்தே கொடுக்கிறோம். அப்படிக் கை கொடுத்து முடித்துவிட்டால் அவன் அந்தச் சாவுக்கு வந்தவன் ஆகிவிடுகிறான். பிறகு உட்கார்ந்துதான் ஆகவேண்டும், குழி மூடுவதற்குள் எழுந்து போனால் அவன் வீட்டுச் சாவுக்கு நாளைக்கு நாய்கூட வராது. அதெல்லாம் சரியாக நடக்கிறது, ஏனென்றால் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் நடுவில் எழுந்து இடம் மாறுவதில்லை. மாறினால் எவன் கையை எவன் பிடித்தான் என்றே தெரியாது. எங்கள் தபால் ஆபீசில் கடிதம் பிரித்துப் போடுகிற மர அறை ஒவ்வொன்றின் மேலும் ஊர்ப் பெயர் ஒட்டியிருக்கும். மேலிருந்து மூன்றாவது, இடமிருந்து நாலாவது என்று எந்தக் குடிகாரனும் கடிதம் போட்டதில்லை. இதை எல்லாம் உனக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

நேற்றைய கதையைக் கேள். வெள்ளிக்கிழமை உடம்பை எடுக்க வேண்டும், அதற்குக் கையெழுத்துப் போடலாம் என்று சங்கத்தில் அச்சடித்துக் கொடுத்த சீட்டை வாங்கிக்கொண்டு குமாசிக்குப் போனேன். சீட்டும் உன் ப்ரோகிராம் கொடுத்ததுதான் என்பது பஸ்ஸில் ஏறினபிறகுதான் உறைத்தது. பிண அறைக் குமாஸ்தா சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எறந்தவர் குவாபெனா அடுசெய். நீங்க யாரு பெரியவரே?"

"குவாபெனா அடுசெய்."

"அவரு பேரைக் கேக்கல. உங்க பேரு?"

"அதுதான் என் பேரு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "சரி. குடும்பத் தலைவர் கையெழுத்து இல்லாம உடம்பைத் தர முடியாது. தலைவர் யாவ் பதூன்னு போட்டிருக்கு. அவரு வந்திருக்காரா?"

"உள்ளதான் இருக்காரு."

"அப்பக் கூப்பிடுங்க."

"அவரு வரமாட்டாரு தம்பி. உங்க ஐஸ் பெட்டியில இருக்காரு."

எல்லாவற்றையும் விளக்கினேன். கேள்விக்குறியையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார், நல்ல மனிதர். கேட்டுவிட்டு, "பெரியவரே, ஒண்ணு அவரு வெளியே வந்து கையெழுத்துப் போடணும். இல்லாட்டி நீங்க உள்ள போகணும். சீட்டு அப்படித்தான் சொல்லுது" என்றார். பிறகு மனமிரங்கி, பார்த்துவிட்டாவது போங்கள் என்று உள்ளே அழைத்துப் போனார். அண்ணன் சின்னதாக ஆகிவிட்டிருந்தார். மணிக்கட்டில் புதுச் சீட்டு ஒன்று கட்டியிருந்தது, சங்கத்திலிருந்து வந்த தகவல்படி பழையதை மாற்றிவிட்டார்களாம். அதில் என் பெயர் இருந்தது. ஊரில் எல்லார் பெயரையும் தப்பில்லாமல் சம்மனில் எழுதிய மனிதனுக்குச் சொந்தப் பெயர்கூட மிஞ்சவில்லை. அழுதேன் கோஜோ. குமாஸ்தா அது என்னை நானே பார்த்து அழுகிற அழுகை என்று நினைத்தாரோ என்னவோ, தோளைத் தட்டிக்கொடுத்தார்.

ஆகவே, குடும்பத் தலைவன் என்ற முறையில், உயிரோடுதான் இருக்கிறேன் என்ற முறையிலும், உனக்கு நான் இடுகிற கட்டளை இது. இந்தக் கடிதத்தைப் படித்தவுடன் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கையைக் கழுவிவிட்டு எழுந்திரு. உன் உத்தரவிலிருந்து கேள்விக்குறியை எல்லாம் பிடுங்கிப் போடு. இரண்டு புள்ளி வைத்து இறந்தவர், இரண்டு புள்ளி வைத்து தலைவர் என்று பெயர் எழுது. எழுதி முடித்து, யாவ் பதூ காலமானார் என்று சரியான செய்தியை நாளை விடிவதற்குள் எல்லோருக்கும் அனுப்பு. அவர் சாவு அவர் பெயரில் நடக்க வேண்டும். வருகிறவர்கள் வரட்டும், வராதவர்கள் போகட்டும். ஒரே பந்தலாக இருந்தாலும் அது அவருடைய பந்தலாக இருக்கட்டும். பந்தல் நிரப்புகிறேன் என்று கொடுத்த வார்த்தையைக் காப்பாற்ற முடியாதவனாக நான் முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். குழந்தையின் அந்த ஒற்றைப் பல்லுக்கு என் ஆசீர்வாதம். நம் முன்னோர் உனக்குத் துணை நிற்கட்டும். உன் கைக்கு வேகத்தைக் குறைத்து நிதானத்தைக் கொடுக்கட்டும். நீ எழுதுவது எதுவும் இனி ஒருவரையும் கொல்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
இன்னமும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற உன் மாமன்,
குவாபெனா அடுசெய்,
குடும்பத் தலைவர்.

பின்குறிப்பு: மத்தியானம் ஆகிவிட்டது, இதை வேன் நிலையத்தில் நின்று எழுதுகிறேன். டிரைவர் ஹாரன் அடிக்கிறான், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். உன் அம்மா விடியற்காலையிலேயே என்னிடம்கூடச் சொல்லாமல் குமாசிக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்து இறங்கினாள். குடும்பத்து மூத்த பெண் என்று குமாஸ்தா முன்னால் போய் நின்று, "எங்கூடப் பொறந்தவங்கள்ல எது செத்தது, எது சாகலன்னு எனக்குத் தெரியாதா? குடு அந்தப் பேனாவை" என்று பிடுங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டாளாம். மணிக்கட்டுச் சீட்டையும் அவளே மாற்றிக் கட்டினாளாம். வெள்ளிக்கிழமை உடம்பு வந்துவிடும்.

அவளோடு பேசிக்கொண்டிருக்கும்போதே போன்சு ஓடிவந்தான். "மாமா, அக்ராலருந்து பஸ்ஸு பஸ்ஸாக் கெளம்புறாங்களாம். குமாசிப் பாடகர் குழு பூரா வருதாம். ஹாம்பர்க்ல டிக்கெட்டே போட்டுட்டாங்களாம். நீங்க சாகலன்னு எவ்வளவு சொல்லியும் எவனும் நம்பல. என் பந்தல் அத்தனையும் போட்டாலும் பத்தாது, பக்கத்து ஊர்லருந்து எறக்கணும். என்ன பண்ணட்டும்?" என்றான். நானும் உன் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"எறக்கு" என்றேன்.

கோஜோ, மேலே எழுதியது எதையும் செய்யாதே. கேள்விக்குறி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். வேறு செய்தி ஒன்றும் அனுப்பாதே, போனை இப்போது போலவே எடுக்காமல் இரு. சனிக்கிழமை நான் வலது ஓரத்தில் முதல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். வருகிறவன் முதலில் என் கையைத்தான் பிடிப்பான். அவன் அலறி முடிப்பதற்குள் உன் அம்மா அவனை அடுத்த கைக்குத் தள்ளிவிடுவாள். இடது ஓரம்வரை கை கொடுத்து முடித்துவிட்டால் பிறகு அவன் எங்கே போவான்? உட்கார்ந்துதான் ஆகவேண்டும். பந்தல் நிரம்பிவிடும். அண்ணனைக் கூட்டத்தோடு கொண்டுபோய் வைப்போம். யாராவது என் சட்டையைப் பிடித்தால் என் மருமகன் கேள்விக்குறி போட்டுவிட்டான் என்று உன்னைக் காட்டிவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை நிதானமாக உட்கார்ந்து பெயர் வைத்து எழுது. அண்ணனை அவர் இடத்தில் வை, என்னை என் இடத்தில் வை. எனக்கு முறை வரும்போது அதிலேயே சரியாக அனுப்பு. ஆனால் மன்சா சொன்னது சரிதான், ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான். இந்த ஊர் எனக்காக இரண்டாம் முறை பஸ் ஏறாது, எனக்குத் தெரியும். அன்றைக்குப் போன்சுவிடம் ஒரு பந்தல் போதும் என்று சொல். நீ வந்து முன்வரிசையில் உட்கார்.